நல்லி

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் நம் சந்தில் ஒன்றாக மூக்கு ஒழுகி வளர்ந்து, இன்றைக்கு ஈஜிபுராவிலும் இன்னும் எங்கெங்கோவும் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்குத்தான் இது. போன வாரம் வாட்ஸப் குழுவில் ஒரு படம் கேட்டீர்கள். பொங்கல் விழாவுக்கு ஃபிளெக்ஸ் அடிக்கப் போகிறீர்களாம். அதில் என் அத்தையின் படமும் வரவேண்டுமாம். கீழே ‘நம் தெருவின் குரல்’ என்று போடுவீர்களாம். ‘அந்தச் சால்வைப் படம் இருந்தா நல்லா இருக்கும்’ என்று ஒருவர் எழுத, மற்றவர்கள் வரிசையாகக் கட்டைவிரலைத் தூக்கினீர்கள். சந்தாபுராவில் பால்கனியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த நானும் தூக்கினேன். சிறப்பு விருந்தினர் யார் என்று பார்த்துவிட்டுத்தான் தூக்கினேன். அவர் யார் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

கொஞ்ச நேரம் கழித்து, நம்மில் கடைக்குட்டியான இன்னொருவர், ‘பாவம், பிறவி ஊமையா இருந்தும் எவ்ளோ அழகா வரைவாங்க’ என்று எழுதினார். அதற்கும் கட்டைவிரல்கள், அவள் பேசிக் கேட்டவர்களுடையதும். கீரையை அப்படியே வைத்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறவி ஊமையாம். அந்தச் சந்தில் என் அத்தையின் வாய்க்குப் பயந்து சுற்றுவழியில் போனவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் அம்மாக்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். கல்யாணமாகிப் போன இடத்தில் மாமியாரின் படத்தை அடுப்புக்கரியால் சமையலறைச் சுவரில் வரைந்துவிட்டுத் திரும்பி வந்தவள் என்பது எங்கள் வீட்டுக் கதை. படத்தில் மாமியாருக்கு உடம்பெல்லாம் கண்ணாம், சோற்றுப்பானை மேல் மட்டும் கையாம். ‘அப்படியே இருந்துச்சு, அதான் கோவம்’ என்பாள் அத்தை. எங்கள் ஒற்றை அறை வீட்டில், புடவைத் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஊதுவத்தி உருட்டுவாள். கரிமாவைப் பிசைந்து பலகையில் வைத்து, மூங்கில் குச்சியை அதன் மேல் ஒரு உருட்டு. அவள் விரல் நுனிகள் எப்போதும் கறுப்பு. அவள் பிசைந்து கொடுக்கும் சோற்று உருண்டையில்கூட அந்த மாவு வாசனை வரும். எனக்கு அது பிடிக்கும்.

அந்தக் கறுப்பு விரலால்தான் படம் போடுவாள். பலகையில், பழைய காலண்டர் தாளின் முதுகில், சந்துச் சுவரில். நடந்து வரும்போது வயிறு முன்னால் வந்து அரை நாள் கழித்து ஆள் வந்து சேரும் பால்காரர். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு அந்தப் பென்சிலையே தேடும் மளிகைக்கடைக்காரர். அடுத்தவர் படத்தைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவர்கள், தங்கள் படம் வந்ததும் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். படத்தோடு வாயும் உண்டு. ரேஷன் கடையில் அளவு குறைந்தால், சாக்கடை நாறினால், அத்தைதான் போய்க் கேட்பாள். ‘நீ போய்க் கேளுக்கா’ என்று பெண்கள் அவளை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். வீட்டில் அம்மா, ‘சும்மா இருங்க அண்ணி’ என்பாள். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா, ‘சும்னிரு தாயி’ என்பாள். வாயை மூடு என்பதற்கு மட்டும் இரண்டு பாஷைக்கும் ஒரே வார்த்தை, பார்த்தாயா என்று அத்தை என்னிடம் சிரிப்பாள்.

இன்னொரு வார்த்தை இருந்தது. நம் ஊரில் தண்ணீர்க் குழாய்க்கு நல்லி என்றுதானே பேர்? கன்னடத்திலிருந்து வந்து நம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. ‘நல்லில தண்ணி வருதா’ என்போம். கறிக்கடைக்குப் போனால் அதே நல்லி, உறிஞ்சிச் சாப்பிடும் மூளை எலும்பு ஆகிவிடும். குழம்பில் நல்லி யாருக்கு என்பதில் எல்லா வீட்டிலும் சண்டை உண்டு.

அந்தக் கோடையில் நம் சந்துக்குக் குழாய் வந்தது. குழாய்தான் வந்தது, தண்ணீர் வரவில்லை. கவுன்சிலர் போடச் சொல்லிவிட்டுப் போன இரும்புக் குழாய் மொட்டையாக நின்றது. அதற்குள் மாரியம்மன் திருவிழா. கவுன்சிலர் வந்தார். சந்து முனையில் சைக்கிள் கடை வைத்திருந்த அவருடைய கையாள் வீட்டில் அவருக்கு விருந்து. ஊரே பங்கு போட்டு வெட்டிய ஆட்டின் நல்லி எல்லாம் அவர் இலைக்குப் போயிற்று. அவர் எலும்பை இலையில் தட்டித் தட்டி உறிஞ்சிய சத்தம் வாசலில் நின்ற எங்களுக்குக் கேட்டது.

மறுநாள் காலையில் குழாய்க்குப் பின்னால் இருந்த சுவரில் அந்தப் படம் இருந்தது. சம்மணம் போட்டு உட்கார்ந்த கவுன்சிலர், கதவுத் தாழ்ப்பாள் மாதிரி மீசை, வாயில் ஒரு பெரிய நல்லி எலும்பு. கன்னம் ஒட்டிப்போக உறிஞ்சுகிறார். எலும்பின் மறுமுனைக்குக் கீழே பெண்கள் குடத்தோடு வரிசையாக அண்ணாந்து நிற்கிறார்கள். கீழே தமிழில் ஒரே வார்த்தை: நல்லி.

அன்றைக்குச் சந்தே சிரித்தது. வேலைக்குப் போனவர்கள் திரும்பி வந்து இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் கார்ப்பரேஷனில் சாக்கடை அள்ளும் தினக்கூலி. வேலையை நிரந்தரமாக்கும் பேப்பர் கவுன்சிலரின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. வெறுங்காலோடு இறங்கி இறங்கி அவர் விரலிடுக்கெல்லாம் புண். நிரந்தரமானால் பூட்ஸ் கொடுப்பார்கள் என்பார். ‘அக்கா, அழிச்சிடுக்கா, உன் கால்ல விழறேன்’ என்று அவர் ஈரத்துணியோடு கிளம்பியபோது, சந்து முனையில் கவுன்சிலரின் வண்டி வந்து நின்றுவிட்டது.

அவர் கன்னடக்காரர். தமிழில் வணக்கமும் ஓட்டும் மட்டும் தெரியும். படத்தின் முன் நின்றார். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்க, கையாள் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே, “நல்லி சார்” என்றான். கவுன்சிலரின் முகம் மலர்ந்தது. நல்லி என்றால் அவருக்குக் குழாய்தானே. அப்புறம் கையாள் அடித்ததுதான் பெரிய அடி. குழாயில் காற்று அடைத்துக்கொண்டால் ஐயா தானே வாய் வைத்து உறிஞ்சித் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார், அதைத்தான் வரைந்திருக்கிறார்கள் என்று கன்னடத்தில் விளக்கினான். கவுன்சிலர் நெஞ்சில் கை வைத்தார். “தும்ப சென்னாகிதெ” என்றார். ரொம்ப நன்றாக இருக்கிறதாம். வரைந்தவருக்குக் குழாய் திறப்பு விழாவில் மரியாதை செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தப்பித்தோம் என்று எல்லோரும் மூச்சுவிட்டார்கள். அத்தைதான் சுருங்கிப்போனாள். ‘திட்டினா தாங்கிக்குவேன், பாராட்டிட்டுப் போறானே’ என்றாள். அவளுக்கு அவமானம் என்றால் அதுதான். நான் அதைப் புரிந்துகொள்ள வெகுகாலம் ஆயிற்று.

விழா நாளில் குழாயைச் சுற்றி மாவிலை. நாலு பெஞ்சைச் சேர்த்து மேடை. குழாயைத் திருகியதும் முதலில் செம்மண் நிறத்திலும் பிறகு தெளிவாகவும் தண்ணீர் வந்தது. கவுன்சிலர் அத்தையை மேடைக்குக் கூப்பிட்டார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மைக்கை அவள் முன் நீட்டி, “எரடு மாத்தாடம்மா” என்றார். படத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசு என்று அர்த்தம். அத்தை தொண்டையைச் செருமினாள். என் கையை விட்டாள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று அந்தச் சந்தில் எல்லாருக்கும் தெரியும்.

அப்போது அப்பா கீழேயிருந்து பெஞ்சின் மேல் தாவி ஏறினார். கும்பிட்ட கையோடு, “மூகி சார்” என்றார். “எங்க அக்கா மூகி. பேச வராது சார்.” மூகி என்றால் கன்னடத்தில் ஊமைப் பெண்.

அத்தையின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. அப்பாவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக வாயை மூடிக்கொண்டாள். கையாள் தரையைப் பார்த்தான். உங்கள் அம்மாக்களும் என் அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கவுன்சிலருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் தோளில் இருந்த சால்வையை எடுத்து அத்தைக்குப் போர்த்தினார். ஊமை அக்காவை வைத்துக் காப்பாற்றும் தம்பிக்கு நிரந்தர வேலை என் பொறுப்பு என்று மைக்கில் சொன்னார். கைதட்டல். ஸ்டூடியோக்காரர் படம் எடுத்தார். நீங்கள் கேட்கும் சால்வைப் படம் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, “வீட்டுக்குள்ள பேசுக்கா. வெளிய மட்டும், தேர்தல் முடியற வரைக்கும்” என்றார். அத்தை பலகையில் விரலால் அப்பாவை வரைந்தாள். அவருக்கு இரண்டு வாய். ஒன்று அவருடையது, இன்னொன்று வெற்றிலைக் காவியேறிய அவளுடைய வாய். அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளங்கையால் துடைத்தார். அந்தக் கறுப்புக் கையை அலம்பாமலே சாப்பிட்டார்.

அன்றிலிருந்து அவள் வீட்டுக்குள்ளும் பேசவில்லை. ஊமையென்றால் ஊமைதான் என்று கையால் காட்டிவிட்டாள். வேலை என் தலையில் விழுந்தது. அவள் சைகை காட்ட, நான் கன்னடத்தில் சொல்லவேண்டும். தேர்தல் வேலை என்று கவுன்சிலரின் ஆட்கள் நாள் முழுவதும் சந்தில் திரிந்தார்கள். அவரும் வருவார். காது கேட்காதவளிடம் பேசுவதுபோல் கத்தி, “ஊட்ட ஆய்த்தா” என்று சாப்பாடு ஆனதா விசாரிப்பார். அத்தை அவர் வயிற்றைக் காட்டி, இரண்டு கொம்பு வைத்து, தன் காலி வயிற்றில் தட்டுவாள். எங்கள் ஆடு உன் வயிற்றில் இருக்கிறது என்று அர்த்தம். “ஏன் ஹேள்தாளெ?” என்று அவர் என்னைக் கேட்பார். என்ன சொல்கிறாளாம். நான் காது எரிய, “ஊட்ட ஆய்த்தந்தெ சார்” என்பேன். சாப்பிட்டாயிற்றாம். பின்னால் பெண்கள் குடத்துக்குள் முகத்தை விட்டுச் சிரிப்பார்கள். நாம் அதை எவ்வளவு ரசித்தோம். சைகையைப் பார்ப்பதற்காகவே விளையாட்டை நிறுத்திவிட்டு ஓடி வருவீர்கள்.

எனக்கு அவளோடு தெருவில் நடக்கக் கூச்சமாக இருந்தது. பஸ்ஸில் கண்டக்டர் ‘பாவம்’ என்று இடம் ஒழித்துக் கொடுப்பார். அவள் நன்றாகத் தலையை ஆட்டிவிட்டு உட்காருவாள். எல்லோரும் எங்களையே பார்ப்பார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

தேர்தலுக்குச் சுவரில் தன் முகத்தை வரைய ஊமை ஆர்ட்டிஸ்டையே கூப்பிட்டார் கவுன்சிலர். அப்பா என் கையில் பெயிண்ட் டப்பாவைக் கொடுத்து அனுப்பினார். அத்தை வார்டு முழுக்க அந்த முகத்தை வரைந்தாள். முதல் சுவரில் வாய் மூடியிருந்தது. அடுத்ததில் கொஞ்சம் திறந்தது. ரயில்வே கேட் பக்கம் கடைசிச் சுவருக்குப் போகும்போது ஒரு குடமே உள்ளே போகும் அளவுக்கு வாய். காரில் போகிறவருக்கு அது தெரியவில்லை. நடந்து போகிற நமக்குத் தெரிந்தது. நாம்தானே முதலில் கண்டுபிடித்தோம், சுவர் சுவராக ஓடி ஓடிப் பார்த்தோமே. பெரியவர்களிடம் சொன்னபோது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. ஒருவரும் வெளியே சொல்லவில்லை. வாயடைத்துப்போன அவள் ஒருத்திதான் அந்தக் கோடையில் பேசிக்கொண்டிருந்தாள்.

தேர்தல் நெருங்க நெருங்கக் குழாயில் தண்ணீர் மெலிந்தது. விரல் தடிமனில் வந்தது நூலாகி, பிறகு சொட்டாகியது. காரணம் எல்லாருக்கும் தெரியும். சைக்கிள் கடைக்குப் பின்னால் கையாள் கட்டிடம் கட்டிக்கொண்டிருந்தான். பைப்பை அங்கே இழுத்து மோட்டார் போட்டிருந்தான். குழாயடியில் காதை வைத்தால் மோட்டார் ஓடுவது கேட்கும். பெண்கள் எங்கள் வாசலில் வந்து நின்று, ‘நீ பேசுறவளா இருந்தா கேட்டிருப்பல்லக்கா’ என்று புலம்பினார்கள். அத்தை தலையை நிமிர்த்தாமல் வத்தி உருட்டினாள். அவர்கள் புலம்பிவிட்டு, கையாளின் கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனார்கள். போகும்போது அவனிடம் ‘என்னண்ணா, டீ ஆச்சா’ என்று கேட்டுவிட்டும் போனார்கள்.

கவுன்சிலர் ஜெயித்தார். முதல் மழை பெய்த வாரம் அப்பாவுக்கு ஆர்டர் வந்தது. கையில் ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்தவர், வாசலிலேயே அத்தையின் முன் உட்கார்ந்துவிட்டார். “பேசுக்கா. இனிமே எவனுக்கும் பயமில்ல. பேசிடுக்கா” என்றார்.

செய்தி பரவியது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடியில் கூடினார்கள். நாமும் சுவர் மேல் ஏறி உட்கார்ந்தோம். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் கொட்டப் போகிறது, கையாளின் மானம் கப்பலேறப் போகிறது என்று எல்லார் முகத்திலும் சிரிப்பு தயாராக இருந்தது. அத்தை விரல் விரலாகக் கரியைத் தேய்த்துக் கழுவினாள். புடவையில் துடைத்துக்கொண்டு வந்து குழாயின் பக்கத்தில் நின்றாள்.

“போய்க் கேளுக்கா” என்று ஒருத்தி முன்னால் தள்ளினாள்.

அத்தை எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். முதல் தடவை காற்றுதான் வந்தது.

“நான் ஊமைடி” என்றாள். “உங்க வாய்க்கு என்ன வந்துச்சு?”

யாரும் சிரிக்கவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒருத்தி குடத்தை எடுத்துக்கொண்டு போனாள், அவள் பின்னால் இன்னொருத்தி. என் அம்மாவும் போனாள். கையாளிடம் போய் ஒருத்தியும் கேட்கவில்லை. ஜிலேபியை அன்றைக்கு எறும்பு தின்றது.

அதற்குப் பிறகு அத்தை பேசினாள், வரைந்தாள். ஒரு தொழிற்சங்கப் பத்திரிகையில் கொஞ்ச காலம் படம் போட்டாள், ‘நல்லி’ என்று கையெழுத்து வைத்து. ஆனால் நம் சந்துக்காக எங்கேயும் போய் எதையும் கேட்கவில்லை. அப்பா கடைசி வரை அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ‘ஏதாவது சொல்லுக்கா’ என்பார். அவரை நான் வெகுகாலம் கோழை என்று நினைத்தேன். புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு அவர் வாசலில் நடந்து பார்த்ததை, புண்ணில் உராய்ந்தும் கழற்றாமல் நின்றதை, இப்போது நினைத்தால் அந்த வார்த்தை வாயில் வர மறுக்கிறது. அவரை நினைத்தாலும் வெட்கம், அவரை அப்படி நினைத்ததற்கும் வெட்கம்.

இப்போது சிறப்பு விருந்தினர். உங்களுக்கும் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். அவர் அந்தக் கையாளின் மகன். விழா நடக்கப்போவது அவர்களுடைய கல்யாண மண்டபத்தில், அதாவது நம் தண்ணீரை ஊற்றிக் கட்டிய அந்தக் கட்டிடத்தில். அவர் கையால்தான் அத்தையின் ஃபிளெக்ஸைத் திறக்கப்போகிறீர்கள். இதை எல்லோரும் படித்தோம். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கினோம்.

படம் என்னிடம்தான் இருக்கிறது. அனுப்ப மாட்டேன். நான் தூக்கிய விரலையும் இன்று காலை எடுத்துவிட்டேன். அத்தைக்குப் பேச வராது என்று சொல்ல அன்றைக்கு அப்பா பெஞ்சின் மேல் ஏறினார். எனக்குப் பேச வராது என்று யாரும் எங்கேயும் ஏறிச் சொல்லவில்லை.